இருமுறை புலம்பெயர்ந்த ஒரு வைத்திய மாது

மதுரையினின்று திருநெல்வேலிக்குச் செல்லும் பெருவழியில், கோவிற்பட்டிக்குத் தெற்கே கயத்தாறு என்னும் ஊர் இருப்பதை நம் மாணாக்கர் யாவரும் அறிவர். 1799ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16ஆம் நாள், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராகிய வீரபாண்டிய கட்டபொம்மன் அவ்வூரிலே தூக்கிலிடப்பட்டார். அவர் நினைவாகச் சிலையும் மண்டபமும் இன்று அங்கு உள. வாளெடுத்து மாண்டவரை ஒரு நாடு மறவாதிருத்தல் தக்கதே. அதில் யாம் குறை கூறுவோமல்லோம். ஆயினும், வாளைத் தொடவே மாட்டோம் என விரதம் பூண்டு, அவ்விரதத்தின்பொருட்டு நாடு விட்டு நாடு சென்ற ஒரு கூட்டத்தாரையும், அக்கூட்டத்திற் பிறந்து நம் தேசத்திற்கு வந்து இங்கேயே மண்ணுக்குள் அடங்கிய ஒரு பெண்மணியையும் குறித்து எழுதப் புகுங்கால், அந்த ஊரே முதற்கண் எம் நினைவிற்கு வருகின்றது. காரணம் பின்னர்ச் சொல்வோம்.

அதற்கு முன் ஒரு முறையீடு. நம் சஞ்சிகைக்கு ஆண்டுதோறும் வரும் வியாசங்களுள் சேவையைப் பற்றியன சில தவறாது இருக்கும். அவற்றைத் தொடர்ந்து படித்தோர்க்கு ஒன்று விளங்காமற் போகாது. யாரைப் பற்றி எழுதினும் வியாசம் ஒன்றே. மெழுகுவர்த்தி தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளி தரும். சந்தனம் தேயத் தேய மணக்கும். அவ்வாறே அவ்வம்மையாரும் தம்மைத் தேய்த்துக்கொண்டார். இதற்கு மேல் அவ்வம்மையார் காலை எழுந்து என்ன செய்தார், எம்மொழியிற் பேசினார், அவர் கைக்கருவி யாது, அவருக்கு உடனுழைத்தவர் யாவர், செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பனவற்றுள் ஒன்றும் அகப்படாது. பெயரை அழித்து வேறொரு பெயரை எழுதிவிட்டால் அடுத்த ஆண்டு மலருக்கும் அதே வியாசம் உதவும். இஃது அவ்வம்மையார்களுக்குச் செய்யும் சிறப்பு ஆகாது என்பதே எம் கருத்து. கருத்தை வெறுமனே கூறாமல், நம் பக்கத்தில் அதிகம் அறியப்படாத ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு கூறுவோம். அவர் பெயர் டாக்டர் கதரீனா ஷெல்லன்பெர்க்.

இவர் மென்னோனைட்டார் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஐரோப்பாவில் மதச் சீர்திருத்தம் நிகழ்ந்த 16ஆம் நூற்றாண்டில், பிரீஸ்லாந்து நாட்டிற் குருவாயிருந்த மென்னோ சைமன்ஸ் என்பவர் 1536இல் தம் பதவியைத் துறந்து, ஒரு சிறு கூட்டத்திற்குத் தலைவரானார். அக்கூட்டத்தார் பெயர் அவர் பெயரால் வந்தது. அறிவு முதிர்ந்து தாமே விரும்புவார்க்கே ஞானஸ்நானம். நீதிமன்றத்திலும் சத்தியம் செய்தல் கூடாது. எக்காரணத்தாலும் ஆயுதம் எடுத்தல் கூடாது என்பன அவர் தம் கொள்கைகள். படையை விரும்பும் அரசர்க்கு இவை இனிக்குமா? எரித்தும் நீரில் அமிழ்த்தியும் பலரைக் கொன்றனர். எஞ்சியோர் ஊர் ஊராக ஓடினர்.

இங்கே ஒரு வார்த்தை. நம் முத்துக்குளிக்கும் கரையாகிய தூத்துக்குடியை 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றியவர் ஒல்லாந்தர். அவர்கள் 1750இல் கட்டிய திரித்துவக் கோவில் இன்னும் அந்நகரில் நிற்கின்றது. அந்த ஒல்லாந்தரின் வர்த்தகக் கம்பெனிக் கப்பல்கள் பீரங்கி தாங்கிச் சென்றன என்பதற்காகவே, அக்கம்பெனியின் தொடக்கக் காலத்தில் மென்னோனைட்டு வணிகர் சிலர் அதிலிருந்து விலகிக்கொண்டனர். ஒரே நாட்டார்; ஒரே மொழியார். ஒரு சாரார் பீரங்கியோடு நம் கரைக்கு முத்துக்கும் துணிக்கும் வந்தனர். மற்றொரு சாரார் பீரங்கிக்கு அஞ்சியன்று, அதனை வெறுத்துக் கிழக்கே நடந்தனர். ஒரு தேசத்தாரை ஒரே தராசில் நிறுத்தல் எத்துணைப் பிழை என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

கிழக்கே சென்றோர் முதலில் விஸ்துலா நதியின் கழிமுகத்திற் சதுப்பு நிலங்களைத் திருத்தி வாழ்ந்தனர். ருஷ்யச் சக்கரவர்த்தினி கேத்தரின், புதிதாகப் பெற்ற புல்வெளிகளிற் குடியேற அயல்நாட்டாரை அழைத்தபோது, படைக்கு ஆள் கேட்பதில்லை என்னும் உறுதிமொழியை நம்பி அங்குப் போயினர். 1789இல் கோர்டிட்சா என்னும் குடியேற்றமும், 1804இல் மொலோச்னா என்னும் குடியேற்றமும் தோன்றின. இவை இப்போது உக்ரேன் நாட்டில் உள்ளன. அவர்கள் உழுதது நம் கோவிற்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு வட்டாரங்களை நினைப்பூட்டும் கருமண் நிலம். நம்மவர் கரிசலிற் பருத்தியும் கம்பும் விதைத்தனர். அவர்கள் கோதுமை விதைத்தனர். 1874இல் ருஷ்ய அரசு யாவரும் படைச் சேவை புரிதல் வேண்டும் எனச் சட்டம் செய்தது. முன்னோர்க்குத் தந்த வாக்கு காற்றிற் போயிற்று. அதன்மேல் ஏறத்தாழ 18,000 பேர் சில ஆண்டுகளுக்குள் வீடு வாசல் விற்று, அமெரிக்காவின் கான்சாஸ், நெப்ராஸ்கா முதலிய பகுதிகளுக்கும், கனடாவின் மானிடோபாவுக்கும் கப்பலேறினர். போகும்போது விதைக் கோதுமையையும் கொண்டு போயினர் என்றும், கான்சாஸ் கோதுமை வளத்திற்கு அதுவே வித்தாயிற்று என்றும் அந்நாட்டார் பெருமையாகச் சொல்வர்.

நம் நாட்டிலும் அக்காலம் புலம்பெயரும் காலமே. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் நம் பக்கத்து ஏழை மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குத் திரள் திரளாகச் சென்றனர். அவர்கள் கையில் விதை இல்லை. நிலம் வாங்கப் பொருள் இல்லை. ஒரு கூட்டம் கொள்கைக்காகவும் மற்றொன்று கஞ்சிக்காகவும் கடல் கடந்தன என எழுதிக் கடப்பது எளிது. கஞ்சிக்காகப் போனவளைத் தாழ்த்தி எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டாதலால், அதைப் பின்னும் பேச வேண்டியிருக்கின்றது.

கதரீனா 1870இல் மொலோச்னாக் குடியேற்றத்திற் பிறந்தார். 1879இல் பெற்றோருடன் அமெரிக்கா சேர்ந்து கான்சாஸ் நாட்டில் வளர்ந்தார். அவர் தந்தையார் ஆபிரகாம் ஷெல்லன்பெர்க், மென்னோனைட்டுச் சகோதரர் என்னும் பிரிவில் மூப்பராயிருந்தவர். இப்பிரிவு 1860இல் ருஷ்யாவிலேயே தோன்றியது. இளமையிலே தாயை இழந்த கதரீனாவுக்கு, மூத்த மகள் என்ற முறையில், தம்பி தங்கையரைப் பேணும் பாரம் வந்தது. நம் கிராமங்களில் அக்காள் என்றால் பாதித் தாய் என்பர். குடியேறிய குடும்பத்து மூத்த பெண் முழுத்தாயே ஆகிவிடுகின்றாள். புது நாட்டில், புது மொழியினிடையே, வீட்டில் ஜெர்மன் மொழியும் வெளியில் ஆங்கிலமுமாக, பிள்ளைப் பருவமே இன்றி வளர்ந்தவர் அவர்.

பிறகு வைத்தியக் கல்வி. கான்சாஸ் நகரில் ஹோமியோபதி வைத்தியக் கலாசாலையிற் பயின்று டாக்டரானார். ஹோமியோபதியா என்று நம் விஞ்ஞான வகுப்பினர் புருவம் நெரிப்பது தெரிகின்றது. அக்காலத்து அமெரிக்காவில் மற்ற வைத்தியக் கலாசாலைகள் பலவும் பெண்களைச் சேர்க்கத் தயங்கின. ஹோமியோபதிக் கலாசாலைகள் பல முன்னதாகவே கதவு திறந்தன. திறந்த கதவின் வழியே நுழைந்தவரைக் குறை கூறுமுன், மூடிய கதவுகளை நோக்குதல் முறை.

1907ஆம் ஆண்டில் அவர் இந்தியா வந்தார். வயது ஏறத்தாழ 37. அதே 1907ஆம் ஆண்டு நம் நாட்டில் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் முந்தின ஆண்டு நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பெனியின் சொந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கின. மற்றொன்று, புதுக்கோட்டையைச் சேர்ந்த முத்துலட்சுமி என்னும் பெண் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். அயல்நாட்டு மிஷனெரி அம்மையாரைப் புகழ்வோர் இவ்விரண்டையும் மறந்து, இந்நாடு உறங்கிக் கிடந்தது போலவும், வெளியிலிருந்து வந்தவரே விளக்கேற்றியது போலவும் எழுதுவர். சுதேசப் பற்று மிக்கோரோ, கப்பலையும் கல்லூரியையும் எழுதிவிட்டு, அயலவர் எல்லாரும் ஆள வந்தவரே என முடித்துவிடுவர். இரண்டும் அரைக் கதை. ருஷ்யச் சக்கரவர்த்தியின் படைக்கு அஞ்சி ஓடிய குடும்பத்துப் பெண், எந்தச் சக்கரவர்த்திக்கும் பிரதிநிதியாக இங்கு வரவில்லை. அவர் நிலைபெற்றதும் ஆங்கிலேயர் நேரே ஆண்ட பகுதியிலன்று. நிஜாம் ஆண்ட ஐதராபாத்து இராச்சியத்திலே.

மென்னோனைட்டார்க்கு அந்நாடு முன்னரே பழக்கம். 1889இல் ருஷ்யாவிலிருந்து ஆபிரகாம் பிரீசன் என்பவர் தம் மனைவி மரியாளுடன் தெலுங்கு நாடு வந்து, பின்னர் நல்கொண்டாவில் நிலைபெற்றார். மத்திய மாகாணத்துத் தம்தரியில் மென்னோனைட்டாரின் வேறொரு பிரிவினர் 1899 முதல் பஞ்சத்தில் வாடியோர்க்கும் அநாதைகளுக்கும் உழைத்தனர். கதரீனா அம்மையார் ஐதராபாத்து நகரைச் சார்ந்த இடங்களில் உழைத்து, பிற்காலத்தில் சம்ஷாபாத் என்னும் ஊரில் தங்கினார். வைத்தியசாலையும் அங்கு ஏற்பட்டது. 1945இல் அவ்வூரிலேயே காலமானார். நம் நாட்டில் வாழ்ந்தது ஏறக்குறைய 37 ஆண்டு. பிற நாடுகளில் வாழ்ந்ததும் ஏறக்குறைய அவ்வளவே.

இனி கயத்தாற்றை நினைத்த காரணம். அவ்வம்மையார் நோயாளிகளுடன் பேசக் கற்ற மொழி தெலுங்கு. கயத்தாற்றையும் கோவிற்பட்டியையும் சூழ்ந்த கரிசற்காட்டுச் சிற்றூர்களில், விஜயநகரத்தார் காலம் தொட்டு வந்து குடியேறிய தெலுங்கர் வழியினர் பலர் இன்றும் வீட்டிற்குள் தெலுங்கு பேசுகின்றனர். கட்டபொம்மனும் அத்தகைய குலத்திற் பிறந்தவரே. அவரை வந்தேறியார் என்று இன்று எவரேனும் சொன்னால் நமக்குச் சினம் மூளும், மூளுதலும் நியாயம். சில நூற்றாண்டு கழிந்தபின் வந்தவர் சொந்தக்காரர் ஆகின்றார். 37 ஆண்டு போதாதா என்பதே எம் வினா.

வைத்திய ஊழியம் என்றால் அந்நாளில் என்ன என்பதை நம் மாணாக்கர் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். சல்பா மருந்துகள் 1930களின் நடுவிலேதான் வந்தன. பென்சிலின் பொது மக்கட்கு எட்டியது இரண்டாம் உலகப் போருக்குப் பின். ஆகவே அவர் ஊழியக் காலத்தின் பெரும்பகுதி, பிரசவ ஜன்னி கண்ட தாய்க்கு ஊசி போட்டுக் காக்கும் மருந்து எவரிடமும் இல்லாத காலம். கொதிநீர், சவர்க்காரம், சுத்தமான துணி, நகம் வெட்டிய கை இவையே ஆயுதங்கள். ஆண் வைத்தியரிடம் நாடி காட்டவும் மறுத்த குடும்பங்கள் இந்து சமூகத்திலும் இஸ்லாமிய சமூகத்திலும் பல. திரைக்குப் பின்னால் ஒரு பெண் செத்துக்கொண்டிருப்பாள். வெளித்திண்ணையில் ஆண்கள் கௌரவத்தைக் காத்துக்கொண்டிருப்பர். வேலூர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் வைத்தியராகத் துணிந்ததற்கு, ஒரே இரவில் மூன்று பெண்கள் இவ்வண்ணம் மாண்டதே காரணம் என்பது பலரும் அறிந்தது. திரைக்குள் செல்ல ஒரு பெண் டாக்டர் வேண்டும். ஊர் மருத்துவச்சி உண்டெனினும் அவளுக்குக் கல்வி கொடுப்பார் இல்லை. குழந்தை பிறந்தால் முறமும் நெல்லும், இறந்தால் பழியும் அவளுக்கு.

மதம் மாற்றவன்றோ வந்தார் என்பார் உளர். அவர் அதை மறைத்ததாக யாம் அறியோம். மிஷன் என்னும் பெயரே அதை வெளிப்படக் கூறுகின்றது. சுவிசேஷத்தைச் சொல்லவும் மருந்து கொடுக்கவும் வந்தவர் அவர். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, முன்னதை ஏற்றார்க்கே பின்னது என்று ஒருவர் செய்வாராயின் அது ஊழியம் அன்று, வியாபாரம். அந்த அளவுகோலைக் கொண்டு மிஷனெரிகளையும் அளக்கலாம். அன்னதானத்தில் ஜாதி கேட்டு இலை போட்ட நம் புண்ணியவான்களையும் அளக்கலாம். ஒருவரை மட்டும் அளந்து மற்றவரை விடுதல் நடுநிலை ஆகாது.

இது கூறியபின், எமக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் மறைப்பதற்கில்லை. கதரீனா அம்மையார் நெடுங்காலம் தம் சபை மிஷனுக்கு ஏறத்தாழத் தனி டாக்டராகவே உழைத்தார். இதனை அவர் பெருமைக்குச் சான்றாகக் கூறுவர். எமக்கோ இது பெருமையும் துக்கமும் கலந்த செய்தியாகத் தோன்றுகின்றது. ஒரு பெண் நாளெல்லாம் நின்று உழைத்து, அவள் படுத்தால் வைத்தியசாலையும் படுக்கும் என்றிருத்தல், அவளை அனுப்பியோரும் அவளால் நன்மை பெற்றோரும் சேர்ந்து செய்த அநீதி அல்லவா? வேலூர் அம்மையார் 1909இல் தாதியர்க்கும் 1918இல் பெண் வைத்தியர்க்கும் பள்ளிகள் ஏற்படுத்தினார். அவர் கை ஓய்ந்தபோது நூற்றுக்கணக்கான கைகள் அவ்விடத்தில் இருந்தன. எல்லார்க்கும் அத்தகைய பொருளுதவி வாய்க்காது. கான்சாஸ் உழவர் காணிக்கை வேலூருக்குத் திரண்ட பெருந்தொகைக்கு ஈடாகாது. ஆகவே இருவரையும் ஒப்பிட்டு ஒருவரைத் தாழ்த்துதல் எம் நோக்கமன்று. தனிமையில் தேய்ந்ததையே சேவையின் இலட்சணமாகப் பாடாதீர் என்றே சொல்கின்றோம். மெழுகுவர்த்தி உவமையை யாம் வெறுப்பது இதனாலேயே. உருகி முடிந்த மெழுகுவர்த்தியால் மற்றொன்றை ஏற்ற இயலாது.

நம் பக்கத்திலேயே பாருங்கள். ஐர்லாந்து தேசத்து ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியா வந்து, 1951இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவில்லை. இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள பண்ணைவிளையில் இருந்தபோது, 1901இல், கோவிற்பணிக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து எழுந்ததே டோனாவூர் நிலையம். இக்கதை யாவர்க்கும் தெரியும். பொன்னம்மாளைத் தெரிந்தவர் எத்தனை பேர்? இளமையிலே கைம்பெண்ணாகி, அம்மையாருடன் கிராமம் கிராமமாகச் சென்று, பின்னர் டோனாவூரில் குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பைத் தாங்கி, 1915இல் புற்றுநோயால் மாண்ட தமிழ்ப் பெண் அவர். கார்மைக்கேல் அம்மையார் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். அயல்நாட்டவர் எழுதி வைத்தும் நம்மவர் மறந்தனர்! ஒவ்வொரு துரைசானிக்கும் பின்னால் ஒரு பொன்னம்மாள் நின்றிருப்பார். பாஷை சொல்லிக் கொடுத்தவர், எந்த வீட்டிற்குள் எந்த வாயிலாற் புகவேண்டும் என்று காட்டியவர், பத்தியம் எது பகை எது என்று விளக்கியவர், இரவில் விழித்திருந்தவர். சம்ஷாபாத்திலும் அத்தகைய தெலுங்குப் பெண்கள் இருந்தே தீர வேண்டும். இல்லையேல் அவ்வேலை ஒரு நாளும் நடந்திராது.

இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். ஐயரின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. லேஸ் பின்னிய பெண் முதன்முதலாகத் தன் கையில் தான் ஈட்டிய காசை வாங்கிய நாளை எந்த வருஷம் என்று எவரும் குறித்து வைக்கவில்லை. பாளையங்கோட்டையில் 1895இல் கல்லூரியாக உயர்ந்த கலாசாலை எவர் பெயரைத் தாங்குகின்றதோ, அந்தச் சாராள் தக்கர் அம்மையார் இந்நாட்டைக் கண்ணாற் கண்டவரே அல்லர். உடல்நலம் குன்றி இங்கிலாந்திலேயே இருந்து உதவியவர். சேவைக்குக் கடல் கடத்தலே இலக்கணம் என்பாரும் சற்றே நிதானிக்கலாம்.

இவ்வளவும் எழுதியது பழங்கதை பேசுவதற்கன்று. கதரீனா அம்மையார் அடங்கிய சம்ஷாபாத்தில் இன்று என்ன இருக்கின்றது என்று கேளுங்கள். 2008 முதல் ஐதராபாத்தின் சர்வதேச விமான நிலையம் அங்கேதான் இயங்குகின்றது. கடல் கடந்து ஒரு வைத்திய மாது வந்து சேர்ந்த அவ்வூரிலிருந்து, நம் நாட்டுத் தாதியர், நர்ஸ் என நாம் வழங்குவோர், கடல் கடந்து வெளியே செல்கின்றனர். வளைகுடா நாடுகளுக்கும், இங்கிலாந்துக்கும், ஜெர்மனிக்கும், அமெரிக்காவுக்கும் செல்கின்றனர். திருவனந்தபுரத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் அவ்வாறே. நம் மாவட்டங்களின் பெண்கள் அவருட் பலர்.

இவர்களைப் பற்றி நம் வீட்டுத் திண்ணைகளிற் கேட்கும் பேச்சு யாது? பணத்திற்காகப் போகிறாள் என்பது. மகளை அயல்நாட்டு வேலைக்கு விட்டு உட்கார்ந்து தின்கிறான் என்று தகப்பனுக்கும் ஒரு வசை. கலியாணம் பேச வருவோர், இராவேலை செய்யும் பெண்ணா என்று முகம் சுளித்துவிட்டு, அவள் சம்பளம் எவ்வளவு என்றும் மறவாமற் கேட்பர். அயல்நாட்டிலிருந்து இங்கு வந்த வெள்ளைக்காரப் பெண் தியாகி. இங்கிருந்து அயல்நாடு சென்று, அங்குள்ள முதியோரின் மலஜலம் எடுத்து, மரணப் படுக்கையிற் கிடப்போர்க்குக் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருக்கும் நம் பெண் கூலிக்காரி. இந்த அளவு எங்கிருந்து வந்தது?

சம்பளம் பெறுதலே வேற்றுமை எனின், மிஷனெரிகளும் காற்றைப் புசித்து வாழவில்லை. அவர்கள் உணவுக்கும் உறையுளுக்கும் சபையார் காணிக்கை அனுப்பினர். நோயுற்றால் ஓய்வும், பின்னால் நிற்க ஒரு சபையும் இருந்தன. நம் பெண்ணுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் கடன். கல்விக் கடன், தரகருக்குக் கொடுத்த கடன், தங்கை கலியாணத்திற்கு வாங்கவிருக்கும் கடன். 2014ஆம் ஆண்டு ஈராக் தேசத்துத் திக்ரித்து நகர வைத்தியசாலையில், போரின் நடுவே 46 இந்தியத் தாதியர் சிக்கிக்கொண்டதும், ஜூலை மாதத்தில் அவர்கள் பத்திரமாகக் கொச்சி வந்து இறங்கியதும் நினைவிருக்கும். அவருட் பெரும்பாலார் கேரளத்தார். ஒருவர் நம் தூத்துக்குடிப் பக்கத்தவர். படைவீரர் வைத்தியசாலை வாயிலில் நின்றபோதும் உள்ளே நோயாளிகள் இருந்தார்கள். இதே செயலை 1914இல் ஒரு மிஷனெரி அம்மையார் செய்திருந்தால் நம் சஞ்சிகை கறுப்புக் கட்டமிட்டுப் புகழ்ந்து எழுதியிருக்கும். 2014இல் நம் பெண்கள் செய்தபோது, கடனை அடைக்க வழியில்லாமல் போனவர்கள் என்று இரக்கப்பட்டதோடு நின்றோம். கடன் இருந்தால் துணிவு இராதா?

இங்கே அரசின் கடமையும் ஒன்று உண்டு. தரகர்கள் இலட்சக்கணக்கிற் பணம் பறித்த கொடுமையால், 2015 முதல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குத் தாதியரை அரசு நிறுவனங்களின் மூலமாகவே அனுப்ப வேண்டும் என்று இந்திய அரசு விதித்தது. தமிழ்நாட்டில் 1978இல் தோன்றிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றுள் ஒன்று. விதி நல்லதே. ஆயின் இங்கிலாந்தும் ஜெர்மனியும் அவ்விதிக்குள் அடங்கா. தரகர் அப்பக்கம் திரும்பிக்கொள்வது கடினமன்று. அன்றியும், நம் வகுப்பில் இறுதியாண்டு படிக்கும் மாணவியரை அழைத்து இந்நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வர் என்பதும் ஐயமே. மிஷன் கல்லூரிகள் என்று பெயர் தாங்கி நிற்கும் நம்மனோர், அனுப்புவோர் பொறுப்பு இன்னது என்பதை அறிந்திருக்க வேண்டியவர்கள். கான்சாஸ் உழவர் தம் சபையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியபோது, அவள் எங்கே இருக்கிறாள், என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தனர். நாம் மாணவியர்க்குச் சான்றிதழ் கொடுத்து வாயில்வரை அனுப்பிவிட்டுக் கதவை அடைத்துக்கொள்கின்றோம்.

போனவர் அங்குச் செய்வது சேவையோ பிழைப்போ என்று நம்முள் ஓர் ஆசிரியர் எம்மோடு வாதித்தார். சேவை என்பது உள்ளத்தின் நோக்கத்தைப் பொறுத்தது. நோக்கம் பணமாயின் செயல் எத்துணை நல்லதாயினும் அது தொழிலே என்பது அவர் பக்ஷம். அவர் கூறியதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், இரவு மூன்று மணிக்கு மூச்சுத் திணறி மணியடிக்கும்போது ஓடி வருகிறவளின் நோக்கம் எது என்று அவன் ஆராய்வதில்லை. அவளுக்கு வேலை தெரியுமா, அவள் கை மெதுவாயிருக்குமா என்பதே அவன் கவலை. கதரீனா அம்மையார் நாற்பது வயதை நெருங்குமட்டும் படித்தும் உழைத்தும் பெற்றது அந்தக் கைதான். வெறும் உள்ளத்தோடு வந்திருந்தால் சம்ஷாபாத்துப் பெண்கள் பிழைத்திரார். ஆசிரியர் இன்னும் உடன்படவில்லை. அவர் மறுப்பை எழுதித் தருவாராயின் அதையும் அச்சிடுவோம்.

ஆகவே பழைய மாணவ மாணவியர்க்கும், அவர் தம் பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த மலருக்கு, மெழுகுவர்த்தி இல்லாத வியாசங்களாக எழுதி அனுப்புங்கள். நம் கல்லூரியிலோ நம் சுற்றுவட்டத்திலோ படித்து அயல்நாட்டு வைத்தியசாலைகளில் உழைக்கும் பெண்கள், எந்த ஆண்டு போயினர், போவதற்கு எவ்வளவு செலவாயிற்று, அதை எவர் கொடுத்தார், அந்நாட்டு மொழியை எவரிடம் கற்றனர், முதல் இரவு வேலை எப்படியிருந்தது, அங்கே அவர்களுக்கு வழிகாட்டிய உள்ளூர்ப் பெண் யார் என்பவற்றை எழுதட்டும். ஊரிலேயே தங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்ப்போரும் எழுதலாம். கரிசற்காட்டுக் கிராமங்களிலிருந்து வருவனவற்றை யாம் சிறப்பாக எதிர்பார்க்கின்றோம். பெயர் வெளியிட விரும்பாதார் பெயரை விட்டுவிடுவோம். நோயாளிகளின் பெயரும் வேண்டா. தமிழிலேயே இருத்தல் வேண்டும். நான்கு பக்கத்திற்கு மேற்பட வேண்டாம்.